ஆயுதப் பயிற்சியும் பழகுமுறையும்: சேதுச் சீமை

இராமநாதபுரம், சிவகங்கை, இராமேசுவரம் கடற்கரை ஆகியவை அடங்கிய பழைய சேதுச் சீமையில், ஆயுதம் படைவீட்டுக்குள் மட்டும் இருந்த பொருள் அல்ல. காவலுக்கும் வேட்டைக்கும் கல்யாணத்துக்கும் அது வேண்டியிருந்தது. எங்கே எடுப்பது, யார் முன்னால் தாழ்த்துவது என்ற ஒழுங்கும் அதோடு சேர்ந்தே கற்பிக்கப்பட்டது. ஆயுதத்தைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள்; அந்த ஒழுங்கைப் பற்றி எழுதியது குறைவு.

இச்சீமையை ஆண்ட மன்னர்களின் சேதுபதி என்ற பட்டமே காவலைக் குறிப்பது. இராமேசுவரத்துக்கு வரும் யாத்திரிகர்களுக்கு வழித்துணையாக நிற்பது இம்மன்னர்களின் முதல் கடமை. கிழவன் சேதுபதி 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டினார். அவருடைய படையாட்களில் பெரும்பாலோர் மானியமாகப் பெற்ற நிலத்தை உழுதவர்கள். அழைப்பு வந்தால் வேலோடும் வாளோடும் வந்து சேர்ந்தார்கள். ஆகவே பயிற்சி ஊரில்தான் நடந்தது.

இச்சீமையின் தனி அடையாளம் வளரி. வளைதடி என்றும் சொல்வார்கள். கெட்டி மரத்தில், சில சமயம் இரும்பிலோ தந்தத்திலோ, பிறை வடிவில் செய்யப்படும். ஒரு முனை கனமாக இருக்கும். கனமில்லாத முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் சில சுற்றுச் சுழற்றி எறிந்தால் முயல், மான், பகைவன் எதுவும் தப்பாது. 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பு இன்னொரு வழக்கத்தையும் பதிவு செய்கிறது: கள்ளர் திருமணங்களில் மணமகன் வீடும் மணமகள் வீடும் வளைதடியை மாற்றிக்கொள்ளும். வளைதடியை அனுப்பிய பிறகே பெண்ணை அழைப்பது முறை. கொல்லும் கருவியைச் சம்பந்தி வீட்டார் கையில் கொடுப்பதைவிடப் பெரிய நம்பிக்கை வேறு என்ன இருக்க முடியும்?

இராமநாதபுரம் அரண்மனையில் 1730இல் பிறந்த வேலு நாச்சியார் ஆயுதப் பயிற்சியும் குதிரையேற்றமும் பெற்று வளர்ந்தவர். 1772இல் கணவரான சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் கொல்லப்பட்ட பின், ஐதர் அலியின் துணையோடு 1780இல் சிவகங்கையை மீட்டார்.

ஆயுதத்துக்கும் பண்புக்கும் இருந்த உறவைத் தெளிவாகக் காட்டும் சாட்சியம் எதிரியிடமிருந்தே கிடைக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் சிவகங்கையை ஆண்ட சின்ன மருதுவைப் பற்றி எழுதுகிறார். 1795 பிப்ரவரியில் அவருடைய சிறுவயல் மாளிகைக்கு வெல்ஷ் சென்றபோது வாசலில் ஒரு காவலாள்கூட இல்லை. விரும்பியவர் எவரும் உள்ளே போய் வரலாம். அந்த இளம் வெள்ளைக்கார அதிகாரிக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான். தேர்ந்த கை எறிந்தால் வளரி நூறு கஜத்துக்குள் குறி தவறாது என்கிறார் வெல்ஷ். வெல்ஷ் மதுரைக்குத் திரும்பிய பிறகும் சின்ன மருதுவிடமிருந்து உயர்ந்த அரிசியும் பழங்களும் வந்துகொண்டிருந்தன. ஆறே ஆண்டுகளில் சின்ன மருது கம்பெனியை எதிர்த்துப் போரிட்டபோது, அதே வெல்ஷ் தமக்கு வித்தை சொல்லித்தந்தவரை வேட்டையாடும் படையில் இருந்தார். தொடை எலும்பு முறிந்து கைதியாகக் கிடந்த சின்ன மருதுவையும், பிறகு அவர் தூக்கில் தொங்கியதையும் பார்த்ததாக வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட நாள் 1801 அக்டோபர் 24.

அவ்வாண்டு டிசம்பர் 1இல் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் தென்சீமை மக்களின் ஆயுதங்களைப் பறிக்கும் அறிவிப்பை வெளியிட்டார். எறிய ஆள் இல்லாமல் வளரி அருகியது. தர்ஸ்டன் எழுதிய காலத்தில் தேர்ந்த கைகளைக் காண்பதே அரிதாகிவிட்டது. ஆயுதத்தைப் பறித்த ஆட்சி பின்பு மனிதர்களையே குற்றவாளிகளாகப் பதிவு செய்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1929இல் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆப்பநாட்டு மறவர் ஊர்கள் 19இல் பாய்ந்தது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் அதை எதிர்த்துப் போராடினார். சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது 1947இல். வழிப்போக்கருக்குத் துணை நின்ற காவல் மரபின் வாரிசுகள் காவல் நிலையத்தில் கைரேகை வைக்க வேண்டியிருந்தது இந்த வரலாற்றின் மிகக் கொடிய பகுதி.

பிழைத்தது கம்பு. இராமநாதபுரம் இராமலிங்க விலாச அரண்மனையில் பழைய ஆயுதங்கள் காட்சிப்பொருளாகிவிட்டன. சிலம்பம் மட்டும் மைதானங்களில் நடக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள கூராயுதங்களை ஆயுதப் பட்டியலில் வைத்து, வீட்டுக்கும் வயலுக்கும் வேண்டிய கருவிகளை விலக்கியுள்ளன. தற்காப்புக்கு வேண்டியதைவிட மிகுதியாகத் தீங்கு செய்யக்கூடாது என்கிறது இன்றைய தண்டனைச் சட்டம். சிலம்ப வாத்தியாரிடம் இதைக் காலடிப் பாடத்திலேயே கேட்கலாம்: முதலில் தடுக்கப் பழகு, அடி பிறகு. ஆட்டம் தொடங்கும் முன் பிள்ளைகள் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, ஆசானையும் எதிராளியையும் வணங்குகிறார்கள். இதைச் சலாம் வரிசை என்பர். போட்டியில் கம்பு உடம்பில் பட்டால் போதும், புள்ளி கிடைத்துவிடும். இன்று பயிற்சிக்கு வரும் வரிசையில் பெண் பிள்ளைகளும் நிற்கிறார்கள்.