ஒரு மெய்யெழுத்து மிகுந்தால்...

1711ஆம் ஆண்டு. லண்டன் மேடையில் ஹாண்டல் என்ற ஜெர்மானியர் 'ரினால்டோ' என்னும் இசை நாடகத்தை அரங்கேற்றினார். மொழியோ இத்தாலியம்! கேட்டவர்களுள் பெரும்பாலோர் அம்மொழி அறியாத ஆங்கிலேயர். அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை அங்கே நிலைமை இன்னும் வேடிக்கை. ஒரே நாடகத்தில் ஒருவர் இத்தாலியத்தில் பாட, மற்றவர் ஆங்கிலத்தில் விடை சொல்வார். எழுத்தாளர் அடிசன் இதை நையாண்டி செய்திருக்கிறார்.

ஓபரா எனப்படும் இந்தக் கலை 1600ஐ ஒட்டி இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் தோன்றியது. பண்டைய கிரேக்க நாடகம் போலப் பேச்சையே பாட்டாக்குவது அதைப் படைத்தவர்களின் நோக்கம். ஆகவே அதில் சொல்லுக்கே முதலிடம். இன்று அதைப் பாடும் பிறமொழியாளர் இடறுவதும் சொல்லில்தான்.

'படு' வேறு, 'பட்டு' வேறு என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தாலியமும் அப்படியே. 'பேனா' என்றால் துன்பம். 'பென்னா' என்றால் இறகு. காதலி 'காரோ' (அன்பே) என்று அழைக்கும் இடத்தில் ரகர ஒலியை இரட்டித்துவிட்டால் அவள் வண்டியை அழைத்தவள் ஆவாள்! ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் எழுத்து இரட்டித்தாலும் ஒலி இரட்டிப்பதில்லை. எனவே ஆங்கிலேயப் பாடகருக்கு இது கடினம்.

இன்னொரு காரணமும் உண்டு. குரல் நீண்டு ஒலிப்பது உயிரெழுத்தில். 'ட்ட', 'ப்ப' போன்ற இரட்டை வல்லினத்தில் வாய் ஒரு கணம் மூடுகிறது, ஒலி அறுகிறது. இனிமை கெடுமே என்று அஞ்சிப் பாடகர் அந்த மெய்யை மெலிதாக்கிவிடுகிறார். சொல் விளங்காவிட்டால் மனிதக் குரலுக்கும் ஓபோ என்ற குழலுக்கும் வேறுபாடு ஏது என்ற கருத்தை டோஸி என்ற பாடகர் 1723இல் தம் நூலில் கூறினார். அவர் பக்கமே நியாயம் இருக்கிறது.

எழுத்தும் ஏமாற்றும். 'ரினால்டோ'வின் புகழ்பெற்ற பாட்டின் முதற்சொல் 'லாஷ்ஷா'. எழுத்தில் இகரம் உண்டு, ஒலியில் இல்லை. அதை 'லாஷியா' என்று மூன்று அசையாக்கினால் மெட்டில் இடமே இராது.

சரி, யாருடைய உச்சரிப்பைப் பின்பற்றுவது? ரினால்டோவாகப் பாடிய நிக்கோலினி தெற்கே நேப்பிள்ஸ்காரர்; 1720இல் லண்டன் வந்த செனசினோ டஸ்கனியின் சியனா ஊரினர். இன்றைய பயிற்சி டஸ்கன் பேச்சின் அடிப்படையில் அமைந்த பொதுமொழியையே கொள்கிறது. அதிலும் பிணக்கு உண்டு: வீட்டைக் குறிக்கும் 'காஸா'வின் 'ஸ' மரபான டஸ்கன் பேச்சில் சீறும், வடக்கே வண்டுபோல் ரீங்கரிக்கும்.