கடல் கடந்த குரலும் கேட்டோர் வரலாறும்

1932 டிசம்பரில் டவென்றியிலிருந்து சிற்றலை வழியே தொடங்கிய பி.பி.சி.யின் பேரரசுச் சேவை ஆங்கிலத்திலேயே பேசியது. குடியேற்ற நாடுகளில் வாழ்ந்த பிரித்தானியரே அதன் முதன்மை நேயர். இத்தாலியின் பாரி வானொலி அரபு மொழியிற் பிரித்தானிய எதிர்ப்புப் பிரசாரம் செய்த பின்னரே, 1938 ஜனவரியில் அரபுச் சேவை பிறந்தது. போர்ச்சூழலில், 1941இல், தமிழும் சேர்ந்தது. ஆகவே, இச்சேவைகளைப் பேரரசின் பெருந்தன்மையாக நாம் கொள்வதற்கில்லை. அரசியற் தேவையே அவற்றை ஈன்றது.

ஆயினும், ஒலிபரப்பியோரின் நோக்கம் கேட்டோரின் பயனை முற்றாக வரையறுத்ததில்லை. நாசிகள் ஆக்கிரமித்த ஒல்லாந்தில், 1943இல் வானொலிப் பெட்டிகளைப் பறிமுதல் செய்யும் ஆணை பிறந்த பின்னரும், மக்கள் அவற்றை ஒளித்துவைத்து இலண்டனைக் கேட்டனர். உள்நாட்டுப் போர்க்கால இலங்கையிலும், தணிக்கை மறைத்த செய்தியைத் தமிழோசையில் தேடியோர் பலர். அவ்வானொலிச் சேவை 2017இல் நின்றது. எனினும், நிலையங்களின் வரலாற்றோடு கேட்ட மக்களின் வரலாற்றையும் நாம் எழுதியாகவேண்டும்.