கோழியும் வேனும்: பெயரிடுதலின் அரசியல்

1962இல் ஐரோப்பியப் பொதுச்சந்தை கோழி இறக்குமதிக்கு வரியை உயர்த்தியது. மேற்கு ஜெர்மனியில் மலிவாகக் குவிந்த அமெரிக்கக் கோழி விலை போகவில்லை. பதிலடியாக 1963 டிசம்பரில் ஜனாதிபதி ஜான்சன் பிரகடனம் செய்தார்: உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சரக்கு வண்டி நான்குக்கும் கூடுதல் வரி. வண்டிக்கு 25 சதவீதம். குறி ஃபோக்ஸ்வாகன் வேன்.

கோழிக்கும் வேனுக்கும் என்னய்யா சம்பந்தம்? 1964 தேர்தலில் ஜான்சனுக்கு வாகனத் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ராய்தரின் ஆதரவு வேண்டியிருந்தது. ஆக, டெட்ராய்ட் மூலதனமும் தொழிற்சங்கமும் ஒரே வேலிக்குள் நின்றன. வரி எல்லா நாட்டுக்கும் பொது என்பதால் சண்டையில் இல்லாத ஜப்பானும் பிற்பாடு அடிவாங்கியது. மற்ற மூன்றின் வரி காலப்போக்கில் போயிற்று. வண்டியின் வரி 60 ஆண்டு தாண்டியும் நின்றது.

வேலியின் நிழலில் வளர்ந்த ஃபோர்டே பிறகு அதைத் தாண்டிற்று. 2009 முதல் துருக்கியில் செய்த டிரான்சிட் கனெக்ட் பின்சீட்டோடு வந்திறங்கும். சீட்டு இருந்தால் அது 'பயணி வண்டி', அப்போது வரி 2.5 சதவீதம்தான். சுங்கம் தாண்டியதும் சீட்டைக் கழற்றிச் சரக்கு வேனாக்கிவிடுவார்கள். 2013இல் சுங்கத்துறை இதைத் தடுத்தது. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொல்லிற்று. 2024இல் ஃபோர்டு 36.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

பொருள் என்ன என்பதை அதன் பயன் தீர்மானிக்கவில்லை, வரி அட்டவணை தீர்மானித்தது. யாரும் உட்காராத அந்த சீட்டைச் செய்ததும் தொழிலாளிதான், பிய்த்துப் போட்டதும் தொழிலாளிதான். உள்நாட்டுத் தொழிலைக் காப்போம் என்று நாமும் கோஷம் போடுகிறோம். காப்பது யாரை என்ற கேள்வியையும் கூடவே போட வேண்டும்.