இறப்பர்ப் பட்டியில் தொங்கும் எஞ்சின்

தையல் இயந்திரத்தின் ஊசி கீழிறங்கும் கணமும் அதனடியில் பொபின் நூலைப் பிடிக்கும் கணமும் பிசகினால் தையல் விழாது. தையல், நெசவு இயந்திரங்களின் இத்தகைய ஒத்திசைவுத் தேவைக்கென்றே 1940களில் அமெரிக்காவின் கில்மர் நிறுவனம் பற்கள் கொண்ட இறப்பர்ப் பட்டியை உருவாக்கியது. நம்மவர் இன்று 'டைமிங் பெல்ட்' என்று அழைக்கும் பொருளின் பூர்வீகம் இதுதான். வழுக்காது, ஓசையில்லை, எண்ணெய் வேண்டாம் என்பவை அதன் சிறப்புகள்.

மோட்டார் வாகனத்துக்குள் அது புகுந்தது பந்தயத்தின் வழியாக. 1954இல் அமெரிக்காவின் டெவின் நிறுவனம் பனார்ட் எஞ்சினைக் கொண்டு உருவாக்கிய பந்தயக் கார்களில் கில்மர் பட்டி பொருத்தப்பட்டது. பெருமளவில் உற்பத்தியான காரொன்றில் அதனை முதலில் பயன்படுத்திய பெருமை ஜேர்மனியின் பவேரியா மாநிலத்து டிங்கோல்ஃபிங் நகரில் இயங்கிய கிளாஸ் நிறுவனத்தையே சாரும். விவசாய இயந்திரங்களைச் செய்துவந்த குடும்ப நிறுவனம் அது. அதன் '1004' கார் 1962இல் வெளிவந்தது. நான்கே ஆண்டுகளில், 1966இல், கிளாஸ் நிறுவனத்தை பி.எம்.டபிள்யூ வாங்கிக்கொண்டது. அதே 1966இல் இத்தாலியின் பியட் நிறுவனத்துக்காக, முன்னர் பெராரியில் பணியாற்றிய பொறியியலாளர் லம்பிரெடி வடிவமைத்த இரட்டைக் கேம் தண்டு எஞ்சினும் இப்பட்டியுடன் வந்தது. அதன்பின் உற்பத்தியாளர் பலரும் அதே வழியில் சென்றனர். சங்கிலியைவிட மலிவு என்பதே முதற் காரணம் என்று கருத இடமுண்டு.

பட்டியின் வேலை என்ன? கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் தண்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் எஞ்சின் ஓடினால் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. பிஸ்டன் மேலேறி வரும் அதே இடத்துக்குத்தான் பல எஞ்சின்களில் வால்வும் கீழிறங்குகிறது. ஒன்று வரும்போது மற்றது விலகியிருக்க வேண்டும். பட்டி அறுந்தாலோ, சில பற்கள் உதிர்ந்தாலோ கேம் தண்டு நின்றுவிடும். கிராங்க் தண்டோ ஓடிய வேகத்தில் தொடர்ந்து சுற்றும். திறந்தபடி நிற்கும் வால்வுகளைப் பிஸ்டன்கள் மோதி வளைத்துவிடும். சில வேளைகளில் பிஸ்டனே பிளக்கும். மோதலுக்கு இடமில்லாதபடி அமைக்கப்பட்ட எஞ்சின்களும் உண்டு. அவற்றில் வண்டி வழியில் நிற்பதோடு சரி. தன் வண்டி எந்த வகை என்று அறிந்திருக்கும் உரிமையாளர் அரிதே.

இலங்கையில் ஒரு தலைமுறை இந்த ஆபத்தை அறியாமலே வாகனம் ஓட்டியது. மொறிஸ் மைனரிலும் ஒஸ்ரின் ஏ40இலும் இருந்தவை குறுகிய உலோகச் சங்கிலிகள். அவை தேய்ந்தால் கலகலவென்று சத்தமிடும்; உரிமையாளர் பொருட்படுத்தாவிட்டாலும் அயலவர் கேட்டுச் சொல்வர். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் அவ்வண்டிகள் சில துளி பெற்றோலில் உயிர்த்து, மண்ணெண்ணெயில் ஓடியதைப் பலரும் அறிவர். அத்தகைய பொறுமை பின்வந்த எஞ்சின்களுக்கு இல்லை.

1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின்னர் யப்பானிலிருந்து பாவித்த வாகனங்கள் வரத் தொடங்கின. டொயோட்டாவின் ஹைஏஸ் வான்கள் சாரதிகள் பலருக்குச் சோறு போட்டன. அவற்றின் டீசல் எஞ்சின்களில் பட்டியே இருந்தது. 100,000 கிலோமீற்றர் ஆனதும் முகப்பில் ஒரு சிறு எச்சரிக்கை விளக்கு எரியும்படி டொயோட்டா ஏற்பாடு செய்திருந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவ்விளக்குக்குத் தெரிந்தது மீற்றர் காட்டும் தூரம் மட்டுமே. பட்டியின் உண்மை நிலையன்று. பட்டியை மாற்றாமலே விளக்கை அணைத்துவிடவும் முடிந்தது. மீற்றரையே பின்னோக்கித் திருப்பிய வண்டிகளில் விளக்கு உரிய வேளையில் எரிய வாய்ப்பே இல்லை. கடன் வாங்கி வானை வாங்கியவர், பட்டியின் விலையை மிச்சம்பிடித்ததாக எண்ணி ஓட்டினார். ஒருநாள் சத்தமின்றி எஞ்சின் நின்றது. பிறகு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் பாவித்த சிலிண்டர் ஹெட் தேடி அலைச்சல், தவணைப் பணத்துக்கு மறுகடன்.

தூரம் மட்டுமன்றிக் காலமும் பட்டியைத் தின்னும் என்பதைப் பலர் ஏற்பதில்லை. வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டியிலும் இறப்பர் முதிர்ந்து வெடிக்கும். ஒயில் கசிந்து பட்டியில் பட்டால் அதன் ஆயுள் இன்னும் குறையும். பட்டியை மாற்றும்போது அதனை இறுக்கிப் பிடிக்கும் உருளையையும், அதே பட்டியால் ஓடும் தண்ணீர்ப் பம்பையும் மாற்றுமாறு மெக்கானிக் சொன்னால், அது பணம் பறிக்கும் தந்திரம் என்று சந்தேகிப்போர் உண்டு. பழைய உருளை இறுகி நின்றாலும் புதுப் பட்டி அறும் என்பதே உண்மை.

பின்னாளில் உற்பத்தியாளர் சிலர் பட்டியை ஒயிலுக்குள்ளேயே ஓடவிட்டனர். போர்டின் ஒரு லீற்றர் எக்கோபூஸ்ட், பிரான்சின் பியூர்டெக் ஆகிய எஞ்சின்கள் இவ்வகையின. பட்டி சிதைந்து உதிரும் துகள்கள் ஒயில் வடிகட்டியை அடைத்த முறைப்பாடுகள் எழுந்தன. 2024இல் ஸ்டெலாண்டிஸ் நிறுவனம் பியூர்டெக்கின் உத்தரவாதத்தைப் 10 ஆண்டுகள் அல்லது 175,000 கிலோமீற்றர் வரை நீடித்தது. புதிய எஞ்சின்களில் சங்கிலி திரும்பியிருக்கிறது.

இலங்கையிலோ 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 தொடக்கத்தில்தான் தனியாருக்கு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளே கைமாறின. அவற்றுள் சிலவற்றில், எஞ்சின் மூடியைத் திறந்தால், யப்பானில் பட்டி மாற்றிய திகதியும் தூரமும் எழுதிய சிறு ஒட்டுத்தாளைக் காணலாம். சிலவற்றில் ஆண்டு அந்நாட்டு முறைப்படி 'ஹெய்செய் 10' என்றிருக்கும். அதாவது 1998.