எடையற்ற ஈயை எறிவது எப்படி?

வடசென்னையில் பேசின் பிரிட்ஜ் என்ற பெயரில் உள்ள ‘பேசின்’, படகுகள் தங்குவதற்காக இருந்த நீர்த்தேக்கத்தைக் குறிக்கும். 1806 இல் எண்ணூர் வரை வெட்டி முடிக்கப்பட்ட காக்ரேன் கால்வாய்தான் பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் மாறியது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் அந்த வழியாகவே நகருக்கு வந்தன. இன்று அதில் படகும் இல்லை. நீர் என்று சொல்லத்தக்கதும் அதிகம் இல்லை. ஆனால் அதே கால்வாயை ஒட்டி வடக்கே சென்றால் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகம் வரும். அங்கே இடுப்பளவு நீரில் நின்று வீச்சு வலை வீசுவோரை இப்போதும் பார்க்கலாம்.

வீச்சு வலையின் விளிம்பு முழுவதும் ஈயக் குண்டுகள் கோத்திருக்கும். வீசுபவர் வலையை மடித்துக் கையிலும் தோளிலும் ஏந்தி, உடலைத் திருப்பி, அந்தத் திருப்பத்தோடு விடுகிறார். சுழன்றபடி செல்லும் குண்டுகள் மையத்தை விட்டு விலக, வலை வட்டமாக விரிகிறது. விரிந்து முடிந்த கணமும் நீரைத் தொடும் கணமும் ஒன்றாக இருக்கவேண்டும். சற்று முந்தினாலும் பிந்தினாலும் வட்டம் வாழைப்பூ போலக் குவிந்துவிடும். இங்கே எறியப்படும் பொருளுக்கு எடை இருக்கிறது; வலையை இழுத்துச் செல்வது அந்த ஈயம்தான். சாதாரணத் தூண்டிலிலும் இதே கதைதான். தங்கூஸ் நரம்பின் நுனியில் ஈயக் குண்டைக் கட்டி எறிகிறோம். குண்டு போகிறது, நரம்பு பின்தொடர்கிறது.

எறியவேண்டிய பொருளுக்கு எடையே இல்லை என்றால் என்ன செய்வது? ஒரு கோழி இறகைக் கையால் எறிந்து பாருங்கள். எவ்வளவு பலசாலி எறிந்தாலும் நாலடி தாண்டாது. ஆனால் இறகும் நூலும் சுற்றிய ஒரு சிறு கொக்கியை இருபது மீட்டருக்கு அப்பால், நினைத்த இடத்தில், நீர் சலனப்படாமல் இறக்கும் கலை ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதை ‘ஃப்ளை ஃபிஷிங்’ என்பார்கள். நாம் பொய்யீத் தூண்டில் என்று வைத்துக்கொள்வோம்.

குதிரை மயிரிலிருந்து பட்டு வரை

நீர்ப்பரப்பில் வந்து விழும் பூச்சிகளைத் தின்னும் மீன்களை ஏமாற்றும் வித்தை இது. கி.பி. 200 ஐ ஒட்டி வாழ்ந்த ஈலியன் என்ற எழுத்தாளர், மாசிடோனியாவில் மக்கள் கொக்கியில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவலின் இறகு இரண்டைக் கட்டி மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். அவர் தரும் ஓர் அளவு நமக்கு முக்கியம்: கோலும் ஆறடி, கயிறும் ஆறடி. அதாவது அக்காலத்தில் ஈயை எறியவில்லை. நீட்டி வைத்தார்கள், அவ்வளவுதான். 1496 இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் பன்னிரண்டு வகைப் பொய்யீக்களைச் சொல்கிறது. அப்போதும் கயிறு குதிரை வால் மயிரை முறுக்கிச் செய்ததுதான். அது மிக இலேசானது. எதிர்க்காற்றில் எறியவே முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. பட்டு நூலைப் பின்னி, ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்துக் காயவைத்த கயிறு வந்தது. அது வழவழப்பானது, அதைவிட முக்கியமாகக் கனமானது. கலையின் இரகசியமே இங்குதான் இருக்கிறது. ஈயை எறிவதில்லை, கயிற்றை எறிகிறோம். ஈ அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது. நடுத்தரமான இக்காலக் கயிறு ஒன்றின் முதல் ஒன்பது மீட்டர் சுமார் பத்துக் கிராம் நிறை கொண்டது. ஈயக் குண்டின் வேலையை ஒன்பது மீட்டர் நீளத்துக்கு நீட்டிப் பரப்பியிருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

பட்டுக் கயிறுகளை முன்பு தடிமனைக் கொண்டு வகைப்படுத்தினர். எல்லாம் பட்டாக இருந்தவரை தடிமன் சொன்னால் நிறை தெரிந்துவிடும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் நைலானும் பிளாஸ்டிக் பூச்சும் வந்தபோது, ஒரே தடிமனுள்ள இரு கயிறுகள் வெவ்வேறு நிறை கொண்டிருந்தன. கோலுக்கு எந்தக் கயிறு பொருந்தும் என்றே தெரியாமல் குழப்பம். எனவே 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் முதல் முப்பது அடியின் நிறையையே எண்ணாகக் குறிக்கத் தொடங்கினர். அடர்த்தி என்ற பாடத்தை நடத்தும்போது இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

வளையம் ஓடும் விதம்

எறிபவர் முதலில் கயிற்றைத் தமக்குப் பின்னால் வீசி, அது முழுவதும் நீளும்வரை காத்திருக்கிறார். பிறகு கோலை முன்னால் கொண்டுவந்து சட்டென்று நிறுத்துகிறார். கோல் நின்றாலும் கயிறு நிற்பதில்லை. நிலைமம் அதை முன்னோக்கிக் கொண்டு செல்கிறது. படுக்கவைத்த ‘ப’ போன்ற ஒரு வளையம் உண்டாகிறது. கீழ்ப்பகுதி கோல் நுனியோடு ஏறக்குறைய அசையாமல் இருக்கும். மேற்பகுதி முன்னே ஓடும். வளையம் ஓட ஓட, அசையும் பகுதி குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் அதன் இயக்க ஆற்றல் எங்கே போகும்? காற்றுத் தடையை மறந்துவிட்டால், அசையும் நிறை நாலில் ஒன்றாகும்போது வேகம் இரண்டு மடங்காக வேண்டும். மாட்டுச் சாட்டையின் நுனி ‘படீர்’ என்று ஒலிப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. உண்மையில் காற்று அந்த ஆற்றலில் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது. அதனால்தான் ஈ கடைசியில் மெதுவாக இறங்குகிறது.

கோலின் பங்கும் சிறியதன்று. முதலில் வளைந்து, பிறகு நிமிரும்போது நுனியை ஏறக்குறைய நேர்கோட்டில் செலுத்துகிறது. நுனி நேர்கோட்டில் சென்றால் வளையம் ஒடுங்கியிருக்கும்; வில்லாகச் சென்றால் வளையம் அகன்று காற்றில் மடங்கிவிடும். இதற்கேற்ற கோல் செய்ய நம் நாட்டு மூங்கில் உதவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கைவினைஞர்கள் ‘கல்கத்தா மூங்கில்’ என்று வணிகத்தில் பெயர் பெற்றதைப் பிளந்து, முக்கோண வெட்டுமுகமுள்ள ஆறு சிம்புகளை ஒட்டி அறுகோணக் கோல் செய்தனர். ஒரு தண்டு வளையும்போது புறப்பரப்பில்தான் தகைவு மிகுதி. மூங்கிலின் வலுவான நார்களும் புறத்தோலை ஒட்டியே நெருக்கமாக உள்ளன. ஆறு சிம்புகளின் தோற்பகுதியும் வெளிப்பக்கம் வருமாறு ஒட்டினால் வலு தேவையான இடத்தில் அமைந்துவிடுகிறது. சூத்திரம் படிக்காத தச்சர்களின் கண்டுபிடிப்பு இது. பின்னர் சீன மூங்கிலும், 1940-களின் இறுதியில் கண்ணாடி இழையும், 1970-களில் கார்பன் இழையும் அந்த இடத்தைப் பிடித்தன.

நீலகிரிக்கு வந்த மீன்

இக்கலை தமிழ்நாட்டில் கால் ஊன்றிய இடம் நீலகிரி. இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய மருத்துவர் பிரான்சிஸ் டே, 1860-களில் இங்கிலாந்தின் ட்ரவுட் மீனை உதகைக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். குளிர்நீரிலேயே பொரிக்கும் முட்டைகளைக் கடல் வழியே வெப்ப மண்டலத்தைத் தாண்டிக் கொண்டுவருவது எளிதா என்ன? 1907 இல் அவலாஞ்சியில் மீன் பொரிப்பகம் அமைந்த பின்னரே, எச். சி. வில்சனின் முயற்சியால் வானவில் ட்ரவுட் இங்கே நிலைத்தது. சென்னை மாகாண அதிகாரி எச். எஸ். தாமஸ் அதற்கு முன்பே, 1873 இல், இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு நூல் வெளியிட்டிருந்தார்.

மீன் இங்கே வந்தது. இங்கிருந்து இறகு போயிற்று. நம் மலைக்காடுகளின் சாம்பல் நிறக் காட்டுச்சேவலுக்குக் கழுத்து இறகின் நுனி மெழுகுத் தகடு போல மின்னும். பொய்யீயில் அது கண்ணாகத் தெரியும் என்பதால் இங்கிலாந்தில் அதற்குப் பெரும் கிராக்கி. இதற்காகக் கொல்லப்பட்ட பறவைகளை நினைத்தால் இந்தக் கலையின் அழகு சற்று மங்கத்தான் செய்கிறது. காட்டுச்சேவலுக்கு இன்று வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.

கற்பித்தவர்கள்

பழைய ஆங்கில ஆசிரியர்கள் மாணவனின் அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கச் சொல்வார்கள். புத்தகம் விழாமல் வீசவேண்டும். எனக்கு இது சரியாகப் படவில்லை. முழங்கையைக் கட்டிப்போட்டால் கோல் நுனி வில்லாக ஓடத்தானே செய்யும்? கடிகார முகத்தைக் கொண்டு கற்பிப்பது இன்னொரு முறை: பத்து மணி நிலைக்கும் இரண்டு மணி நிலைக்கும் இடையே மட்டும் கோல் அசையலாம். அமெரிக்க எழுத்தாளர் நார்மன் மக்லீன், தம் தந்தை இசைப்பயிற்சிக்கான தாளக் கருவியை வைத்து நாலு எண்ணிக்கையில் வீசக் கற்றுக்கொடுத்ததாக 1976 இல் வெளியான தம் நூலில் எழுதினார். இதில் பொருள் உண்டு. கயிறு பின்னால் நீளும் நேரத்தை மாணவனின் அவசரம் தின்றுவிடாமல் தாளம் காக்கிறது.

பலத்தைவிட நேரம் பெரிது என்பதற்குச் சான்றாக நின்றவர் ஜோன் உல்ஃப் என்ற அம்மையார். 1960 இல் அவர் 161 அடி, அதாவது ஏறக்குறைய 49 மீட்டர் தூரம் எறிந்தார். 1979 இல் பள்ளி தொடங்கி, வீச்சைச் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டுக் கற்பித்தார். அமெரிக்க இயற்பியல் இதழில் ஸ்போலெக், கயிற்று வளையத்தின் இயக்கவியலை ஆற்றல் கணக்காக எழுதியது 1986 இல்தான். 1990 இல் ராப்சன் அதைக் கணிப்பொறியின் துணையோடு விரித்தார். ஆக, கைகள் அறிந்ததைத் தாள் அறியப் பல தலைமுறை ஆயிற்று.

எண்ணூர் வீச்சு வலைக்குத் தாளக் கருவியும் இல்லை, பள்ளியும் இல்லை. மூத்தவர் வீசுவதைப் பார்த்து, சிறு வலையைக் கரையில் வீசிப் பழகி, பிறகு நீரில் இறங்குவதுதான் படிப்பு. இப்படிக் கற்பதற்கு மீன் வேண்டும். பாடம் நடக்கும் இடமே அந்தக் கழிமுகம்தான். அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாக அதைத் தூர்த்து வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படிந்து, வலைகளையும் படகுகளையும் பாழாக்கியது. வெறும் வலையை எந்தச் சிறுவன் எத்தனை நாள் வீசுவான்?

வளையத்தைப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்குக் கொக்கியும் மீனும் தேவையில்லை. நாலைந்து மீட்டர் பருத்திக் கயிற்றை மொட்டைமாடியில் நேராக விரித்து, ஒரு நுனியைத் தரையோடு முன்னோக்கி வேகமாக இழுத்துச் சட்டென்று நிறுத்துங்கள். கயிறு மடிந்து வளையம் ஓடும். அடுத்து, மறுநுனியில் ஒரு துண்டுக் கம்பளி கட்டியும், பிறகு ஒரு சாவியைக் கட்டியும் செய்து பாருங்கள். சாவி கட்டிய கயிறு முற்றிலும் வேறு விதமாக நடந்துகொள்ளும்.