வீட்டு மரத்தை உளுக்க வைக்கும் வண்டு



இராத்திரி ஊர் அடங்கின பிறகு படுத்திருக்கிறோம். கட்டில் சட்டத்துக்குள்ளிருந்து ‘கறுக், கறுக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் கட்டில் காலடியில் மாவைச் சலித்துக் கொட்டினது போல ஒரு சின்னக் குவியல். வீட்டுப் பெண்கள் கூட்டி எடுத்துவிடுவார்கள். மறுவாரம் பார்த்தால் மறுபடியும் மாவு. “மரம் உளுக்குது” என்று சொல்லிவிட்டு அதோடு விட்டுவிடுகிறோம். இல்லாவிட்டால் பயந்துபோய் வேண்டாத செலவு செய்கிறோம்.

இரண்டு வருஷத்துக்கு முன் பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். “சார், கூரை பூராவும் உளுத்துப் போச்சுங்க. ஓட்டைப் பிரிச்சுப் போட்டுட்டு இரும்புல மாத்திரலாம்னு ஆள் பேசிட்டேன்” என்றார். போய்ப் பார்த்தேன். வேப்ப மரத்துக் கைமரங்கள். வெளிப்பக்கம் சல்லடைக் கண்ணாக ஓட்டை. ஓர் உளியை வாங்கி நாலு கைமரத்தில் செதுக்கிப் பார்த்தோம். ஒரு விரல் கனத்துக்கு மேல்தோல் மாவாக உதிர்ந்தது. அதற்குள்ளே செங்கட்டி மாதிரி வைரம், உளி இறங்கவில்லை. கூரையைப் பிரிக்க வேண்டிய வேலையே இல்லை. இரண்டே இரண்டு கைமரம் மட்டும் உள்ளேயும் பொத்தலாகி இருந்தது, அதை மாற்றினார்.

வண்டு ஏன் மேல்தோலோடு நின்றது? இதற்குப் பாதி விடை தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. அதன் மரபியலில், வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் பிரித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பனையும் மூங்கிலும் புல் வகை. வேம்பும் வாகையும் மரம். இலக்கணம் எழுதினவர் வண்டை நினைத்து எழுதவில்லை. ஆனால் வண்டு இந்தக் கணக்கைத் தப்பாமல் பின்பற்றுகிறது. வேம்பில், வாகையில், தேக்கில் அது வெளிப்பக்கத்து வெள்ளையைத் தின்னும். மூங்கிலில் உள்பக்கத்து மென்மையைத் தின்னும். பனங்கை செதுக்குகிற ஆசாரி உள்ளே இருக்கிற சோற்றை வழித்து எறிந்துவிட்டுக் கறுப்பு வைரத்தை மட்டும் கூரைக்கு ஏற்றினாரே, அது வெறும் பழக்கம் இல்லை.

பழைய காலத்தில் இன்னும் சில முறைகள் இருந்தன. வெட்டின மூங்கிலை ஏரியிலோ குட்டையிலோ கல்லை ஏற்றி மாதக்கணக்கில் ஊறப் போடுவார்கள். நாற்றம் குடலைப் புரட்டும்! அடுப்புக்கு மேலே பரணில் மூங்கிலை அடுக்கி வைத்துப் புகை பிடிக்க விடுவார்கள். தேய்பிறையில்தான் மரம் வெட்ட வேண்டும் என்பார்கள். நிலவுக்கும் உளுப்புக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சாட்சி சொல்ல மாட்டேன். பருவத்துக்குச் சம்பந்தம் உண்டு. குருத்து விடுவதற்கு முந்தின கோடையில் வெட்டின மூங்கில் சீக்கிரம் உளுக்கும், மழைக்காலத்தில் வெட்டினது தாங்கும்.

இதற்கெல்லாம் காரணம் தெரிந்தது 1930-களில்தான். டேராடூனில் 1906-ல் ஏற்பட்ட வன ஆராய்ச்சி நிலையத்தில் பீசன் என்ற பூச்சியியல் அறிஞர் வேலை பார்த்தார். அவரும் பாட்டியா என்பவரும் இந்த வண்டுக் குடும்பத்தைப் பற்றி 1937-ல் விரிவாக எழுதினார்கள். அதே சமயம் இங்கிலாந்திலும் இதன் உறவான வண்டுகளை ஆராய்ந்தார்கள். தெரிந்தது இதுதான்: இந்த வண்டின் புழு மரத்துக்காக மரத்தைத் தின்பதில்லை. மரத்துக்குள் இருக்கிற மாவுச்சத்துக்காகத் தின்கிறது. மரம் உயிரோடு இருக்கிறபோது தன் சாப்பாட்டை வெள்ளைப் பகுதியில் மாவாகச் சேர்த்து வைக்கிறது. வைரத்தில் அந்த மாவு கிடையாது. பெண் வண்டு வெள்ளையில் இடம் பார்த்து முட்டை வைக்கிறது. மாவு இல்லாத கட்டையில் புழு பிழைக்காது.

நம்ம சேலம், நாமக்கல் சீமைக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. மரவள்ளிக் கிழங்கைச் சீவிக் காயப் போட்டு மூட்டை கட்டி வைத்தால் நாலு மாதத்தில் என்ன ஆகிறது? மூட்டையைத் தட்டினால் மாவு பறக்கிறது. அதைத் துளைக்கிற வண்டுகளில் சில, கட்டையையும் துளைக்கிற அதே வண்டுதான். நெல்லையும் கோதுமையையும் குடைகிற சின்னத் துளைப்பான் வண்டும் இந்தக் குடும்பம். அதன் முன்னோர் மரம் தின்றவை. மனிதன் தானியத்தைச் சேர்த்து வைக்க ஆரம்பித்ததும் கட்டையை விட்டுக் களஞ்சியத்துக்கு வந்துவிட்டன. இரண்டு இடத்திலும் தேடுவது மாவைத்தான்.

இப்போது பாட்டனார் செய்ததைப் பாருங்கள். தண்ணீரில் ஊறப் போட்டால் மூங்கிலிலுள்ள மாவும் சர்க்கரையும் புளித்துக் கரைந்து போகின்றன. மழைக்காலத்தில் புதுக் குருத்து விட்டுத் தாய் மூங்கில் தன் மாவைச் செலவழித்துவிடுகிறது. ஆசாரி வெள்ளையைச் செதுக்கித் தள்ளினால் சாப்பாட்டுத் தட்டையே எடுத்த மாதிரி. காரணம் தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறார்கள்.

இதே டேராடூனில் இன்னொரு கண்டுபிடிப்பும் நடந்தது. 1933-ல் சொண்டி காமேசம் என்பவர் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் என்கிற பாஷாணம் மூன்றையும் சேர்த்து, மரத்துக்குள் ஏறினால் வெளியே கழுவிப் போகாத ஒரு மருந்து செய்தார். ‘ஆஸ்க்யூ’ என்று பெயர். நம் நாட்டான் செய்த அந்த மருந்து அமெரிக்கா வரை போயிற்று. உலகம் பூராவும் தந்திக் கம்பங்களும் மின்கம்பங்களும் அதில் ஊறின. பெருமைப்பட வேண்டிய வேலைதான். ஆனால் பாஷாணம் பாஷாணம்தானே! அமெரிக்காவில் 2003 கடைசியோடு வீட்டு உபயோக மரத்துக்கு அதை நிறுத்திக்கொண்டார்கள். பச்சை படிந்த பழைய கம்பம் எங்காவது கிடைத்தால் அடுப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள். புகையிலும் சாம்பலிலும் விஷம் வரும்.

அப்புறம் வந்தது பி.எச்.சி. காலம். பத்து சதத் தூள் இல்லாத விவசாயி வீடு அப்போது ஏது? எங்கள் வீட்டில் பரண் மரம் உளுத்தபோது, வயலுக்கு வாங்கின மூட்டையிலிருந்து எங்கப்பா கை நிறைய அள்ளி மரத்தின் மேல் தூவினார். அதே பரணுக்கு நேர் கீழேதான் என் தங்கையின் தூளி. காற்றடித்தால் தூள் உதிரும். யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. உடம்புக் கொழுப்பிலும் தாய்ப்பாலிலும் போய்ச் சேர்கிற அந்த மருந்து 1997-ல் தடை ஆயிற்று. அதன் வகையான லிண்டேன் 2013-ல் உபயோகத்திலிருந்து நின்றது. இவ்வளவு விஷத்தையும் தூவி வண்டு ஒழிந்ததா என்றால், இல்லை. புழு கட்டைக்குள்ளே இருக்கிறது, தூள் வெளியே கிடக்கிறது. எங்கள் பரண் மரம் உளுத்துக்கொண்டேதான் இருந்தது.

அந்தக் காலத்தில் நாம் மறந்தது மாவுக் கணக்கை. வைரம் பாய்ந்த கிழட்டு மரம் குறைந்துபோய், இளசான மரத்தை அறுக்கிறோம். அதில் வெள்ளைதான் அதிகம். சேலத்து மாந்தோப்பில் காய்ப்பு நின்ற மரத்தை வெட்டிப் பலகை போடுகிறோம். மா மரத்தைப் போல வண்டுக்குப் பிடித்தது கிடையாது. ரப்பர் மரமும் அப்படியே. கட்டை பூராவும் மாவு. மேலே பளபளவென்று பாலீஷ் போட்டுவிட்டால் ‘தேக்கு மாதிரி’ ஆகிவிடும். நானே ஒரு கடையில் அப்படி ஒரு கட்டில் வாங்கி, ஆறாம் மாதம் மாவு கூட்டினவன்தான்.

சரி, வீட்டில் மாவு கொட்டினால் என்ன செய்வது? முதலில் அது கரையானா வண்டா என்று பாருங்கள். கரையான் மண்ணால் பாதை கட்டி வரும், மாவு கொட்டாது. வைரத்தையும் அது சில மரத்தில் விடாது, அதற்கு வைத்தியம் தரையிலிருந்து தொடங்க வேண்டும். வண்டு என்றால் வட்ட ஓட்டையும் மாவும் இருக்கும். ஒன்று கவனியுங்கள்: அந்த ஓட்டை பெரும்பாலும் வண்டு உள்ளே போன வழி இல்லை, வளர்ந்து வெளியே வந்த வழி. ஆகவே ஓட்டையைப் பார்த்ததும் பதற வேண்டாம். இருக்கிற மாவைத் துடைத்துவிட்டுக் கீழே ஒரு கறுப்புத் துணியை விரித்து வையுங்கள். பதினைந்து நாளில் புது மாவு விழுந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. விழாவிட்டால், பெரும்பாலும் பழைய காயம். ஆனால் மழைக்காலம் முடிகிற வரை துணியை எடுக்காதீர்கள். பெரிய வகை வண்டின் புழு வருஷக்கணக்கில் உள்ளேயே கிடக்கும்.

பிறகு உளியால் செதுக்கிப் பாருங்கள். விட்டத்தில் வைரம் கெட்டியாக இருந்தால் உளுத்த வெள்ளையைச் செதுக்கி எடுத்துக் கொளுத்திவிடுங்கள். மீதி மரத்துக்கு வெண்காரக் கரைசல் போதும். தட்டார் உபயோகிக்கிற அதே வெண்காரம். நிலக்கடலைக்குப் போரான் சத்தாகக் கொஞ்சம் போடுகிறோமே, அதுவும் இதுதான். வெண்காரம் 3 கிலோ, போரிக் அமிலம் 2 கிலோ, தண்ணீர் 95 லிட்டர். வெந்நீரில் கரைத்தால் சுலபம். பழைய மரம் என்றால் பாலீஷைச் சுரண்டிவிட்டு இரண்டு மூன்று தடவை பூசுங்கள். மேலே பூசினது ஆழத்தில் இருக்கிற புழு வரை போகாது. அது தின்றுகொண்டு மேலே வருகிறபோதும், புதிதாகப் பிறந்த புழு உள்ளே போகிறபோதும்தான் மாட்டும். ஆகவே ஒரு வருஷம் பொறுக்க வேண்டும். புதுப் பலகை, மூங்கில் என்றால் ஈரம் காய்வதற்கு முன்பே கரைசலில் மூழ்கப் போட்டுவிடுவது நல்லது, உள் வரை இறங்கும். இந்த மருந்து மழையில் கரைந்து போகும். ஆகவே வீட்டுக்குள் இருக்கிற மரத்துக்குத்தான் ஆகும், வேலிக் கம்பத்துக்கு ஆகாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மாட்டுத் தொட்டிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். மிச்சத்தைச் செடி வேரில் கொட்டாதீர்கள், போரான் அதிகமானால் பயிர் கருகிப் போகும்.

என் கட்டில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கால் நாலையும் கழற்றிப் பாலீஷைச் சுரண்டிக் கரைசல் பூசினேன். ஒரு கால் முழுக்க வெள்ளை. அதை எறிந்துவிட்டு வேம்பு வைரத்தில் ஆசாரியிடம் கடைந்து போட்டேன். மூன்று கால் ஒரு நிறம், ஒரு கால் ஒரு நிறம். கறுப்புத் துணி இன்னும் கீழேதான் கிடக்கிறது. போன ஐப்பசிக்கு அப்புறம் அதில் மாவு விழவில்லை.