சுக்கானும் மாலுமியும்: பாய்க்கப்பல் சொற்களில் நம் முன்னோர்

கொல்லிமலை அடிவாரத்திலுள்ள பேளுக்குறிச்சி நாம் பிறந்து வளர்ந்த ஊர். நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்த இவ்வூர் தன் வாரச்சந்தையால் பெயர் பெற்றது. ஆண்டு முழுமைக்கும் வேண்டிய மளிகைச் சாமான்களை வாங்குவதற்கு வெளியூர் மக்களும் இங்கு வருவர். மலையில் விளைந்த மிளகு ஒரு சாக்கில் இருக்கும். அதையடுத்த சாக்குகளில் கிராம்பும் சாதிக்காயும் இருக்கும். மிளகு மலையிலிருந்து இறங்கி வந்தது என்பதைச் சிறுவயதிலேயே அறிந்திருந்தோம். மற்ற இரண்டும் எங்கிருந்து வந்தன என்று நாம் கேட்டதில்லை. கிராம்பின் தாயகம் மலுக்குத் தீவுகள், சாதிக்காயின் தாயகம் பண்டாத் தீவுகள் என்பதையும், காற்றை மட்டுமே நம்பிய பாய்க்கப்பல்கள் அவற்றைப் பல நூற்றாண்டுகள் கடல் கடந்து சுமந்து வந்தன என்பதையும் பின்னாளில்தான் படித்தறிந்தோம். கடலைக் காணாத ஊரின் அடுப்பங்கரையிலும் கடல் இருக்கவே செய்தது. நாம்தாம் அதை உணரவில்லை.

இந்த அறியாமை ஒருநாள் வகுப்பறையில் வெளிப்பட்டது. அரபு வாசகம் ஒன்றை மாணவர்களுக்கு விளக்கிக் கொண்டிருந்தோம். புயற்காற்று கப்பலின் 'ஸுக்கானை' ஒடித்துவிட்டது என்னும் பொருளுடைய தொடர் அதில் வந்தது. ஸுக்கான் என்றால் 'குடியிருப்போர்' என்பதே நமக்குப் பழக்கமான பொருள். எனவே, கப்பலில் இருந்தோர் புயலால் மனம் ஒடிந்து போயினர் என்று சற்றும் தயங்காமல் விளக்கம் தந்தோம். கடற்கரை ஊரிலிருந்து வந்து ஓதிக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் மெல்ல எழுந்து, "ஹஜ்ரத், அது சுக்கான் இல்லையா? எங்க ஊர்த் தோணியில பின்னாடி இருக்குமே, அதுதானே ஒடியும்?" என்றார். நாம் அகராதியைப் புரட்டினோம். அவர் சொன்னதே சரி. நாம் இருபது ஆண்டுகள் கற்பித்த மொழியின் சொல்லொன்றை, அம்மாணவர் தம் பாட்டனாரிடமிருந்து தமிழாகவே கற்றிருந்தார். இக்கட்டுரைக்கு வித்திட்டது அன்றைய நாணமே.

ஸுக்கான் என்பது கப்பலைத் திருப்பும் கருவி. 'ஸகன' என்னும் வினையடிக்கு அடங்குதல், அசைவின்றி இருத்தல், தங்குதல் ஆகிய பொருள்கள் உண்டு. ஓரிடத்தில் தங்குவோர் ஸுக்கான் எனப்படுவது இதனாலேயே. அலைக்கழியும் கலத்தை அடக்கி நிறுத்துவதால் அதன் சுக்கானுக்கும் இப்பெயர் வந்தது என்பர் அரபு அகராதியாசிரியர்கள். எனினும் பழைய அக்காடிய மொழியிலும் இதே பொருளில் இதையொத்த சொல் காணப்படுவதால், இது மெசப்பொட்டேமிய ஆற்றுப் படகோட்டிகளிடமிருந்தே அரபுக்கு வந்திருத்தல் கூடும். ஈண்டு திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயமாகிய அஷ்ஷூராவின் 32, 33ஆம் வசனங்கள் நினைவுகூரத்தக்கவை. மலைகள் போன்று கடலில் செல்லும் கப்பல்களை இறைவனின் சான்றுகளாகக் காட்டி, அவன் நாடினால் காற்றை அடக்கிவிடுவான், அவை கடலின் முதுகில் அசைவற்று நின்றுவிடும் என்று அவ்வசனங்கள் உணர்த்துகின்றன. காற்றை அடக்குதலைக் குறிக்க அங்கு வரும் சொல்லும் இதே 'ஸகன' அடியிற் பிறந்ததே.

இவ்வசனத்தின் ஆழத்தை உணரப் பாய்க்கலம் இயங்கும் முறையைச் சிறிதேனும் அறிதல் வேண்டும். நம்மைப் போன்ற உள்நாட்டார்க்காக அதன் உறுப்புகளை வரிசையாகக் காண்போம். கலத்தின் முன்புறம் அணியம். அடியில் முதுகெலும்பு போல் நீண்டு கிடப்பது ஏரா. நடுவே நிற்பது பாய்மரம். பாயைத் தாங்கிப் பாய்மரத்தின் குறுக்கே தொங்கும் மரம் பருமல். அப்பருமலை மேலே ஏற்றவும் இறக்கவும் பயன்படும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ் மூலையைப் பிடித்து, அதனை இழுத்தும் தளர்த்தியும் காற்றுக்கேற்ப அமைக்கும் கயிறு தாமான். இது 'தாமன்' என்னும் பாரசீகச் சொல். ஆடையின் விளிம்பு என்று பொருள்படும். பின்புறத்தில் நீருக்குள் இறங்கி நிற்பது சுக்கான். கலத்தை நிறுத்தி வைப்பது நங்கூரம். இதுவும் 'லங்கர்' என்னும் பாரசீகச் சொல்லின் தமிழ் வடிவமே.

காற்றுகளுக்கும் பெயருண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது சோழகம், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான். காற்று எப்பக்கமிருந்து வருகிறது என்பதை அறிவதே கலம் செலுத்துவோன் கற்க வேண்டிய முதற்பாடம். காற்று பின்னாலிருந்து வீசினால் தாமானைத் தளர்த்திப் பாயை அகல விரிப்பர். இது எளிதாகத் தோன்றினும், காற்று திடீரெனப் பாயின் மறுபுறம் புகுந்தால் பருமலும் பாயும் வேகமாகச் சுழன்று வீசி ஆளையும் அடிக்கும், மரத்தையும் முறிக்கும். காற்று பக்கவாட்டில் வீசினால், பாய் படபடப்பது நிற்கும் அளவுக்குத் தாமானை இழுத்துக் கட்டுவர். அப்போது கலம் ஒருபுறம் சாயும். ஆட்கள் காற்று வரும் பக்கத்திற்குச் சென்று தம் உடலின் பாரத்தால் அதைச் சமன்செய்வர். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை பக்கத்துக் கடலில் ஓடிய வத்தை என்னும் படகில் இதற்கென்றே பக்கவாட்டில் நீண்ட பலகையொன்று உண்டு. காற்று வலுக்க வலுக்க, ஆட்கள் அப்பலகையில் கடலுக்கு மேலாக நகர்ந்து சென்று அமர்வர். பலகை பொருத்திய இவ்வகைப் படகுகளை ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் வெளியிட்ட இந்தியப் படகுகள் பற்றிய ஆய்வில் விளக்கியுள்ளார்.

காற்று நேர் எதிரே வீசினால் எந்தப் பாய்க்கலமும் நேராகச் செல்ல இயலாது. ஒருமுறை வலப்புறமாகவும் ஒருமுறை இடப்புறமாகவும் சாய்ந்து, கோணல் வழியில்தான் முன்னேற வேண்டும். முக்கோணப் பாயுடைய பெரிய கலங்களில் இது மேலும் கடினம். அணியத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பாமல், பின்புறம் காற்றை நோக்குமாறு கலத்தைச் சுற்றி வளைத்து, கனத்த பருமலைப் பாய்மரத்தின் மறுபக்கத்துக்கு மாற்றுவது வழக்கம். இதில் கடந்த தூரத்தில் ஒரு பகுதியை இழக்க நேரும். இவையனைத்திலும் சுக்கானின் பங்கு ஒன்றே. அதன் தண்டை இடப்புறம் தள்ளினால் அணியம் வலப்புறம் திரும்பும். ஆனால் கலம் நகர்ந்து, நீர் சுக்கானை உரசிச் சென்றால்தான் அது வேலை செய்யும். காற்று அடங்கிவிட்டால் சுக்கானைப் பிடித்திருப்பவன் எத்துணை வல்லவனாயினும் அவன் கையில் இருப்பது வெறும் மரத்துண்டே. மேற்கண்ட வசனத்தைக் கடலோடிகள் எவ்வாறு ஓதியிருப்பர் என்பது இப்போது விளங்கும்.

கலத்தின் உறுப்புகளிலிருந்து அதனைச் செலுத்திய மனிதர்பால் வருவோம். அக்பரின் அவையிலிருந்த அபுல் ஃபஸ்ல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஆயினே அக்பரி, கப்பல் பணியாளரைப் பன்னிரு வகையாகப் பகுக்கிறது. கப்பலுக்குத் தலைவர் நாகுதா. பாரசீகத்தில் 'நாவ்' என்றால் கப்பல், 'குதா' என்றால் உடையவர். அடுத்தவர் முஅல்லிம். கடலின் ஆழமும் மேடும் அறிந்து, வானநூல் கற்று வழிகாட்டுபவர் அவரே. தண்டேல், ஸர்ஹங்கு, பண்டாரி, கர்ரானி, ஸுக்கான்கீர் முதலியோர் பின்வருவர். இவர்களுள் பலர் நமக்கு அயலார் அல்லர். தண்டேல் தூத்துக்குடித் தோணிகளில் தண்டல் ஆனார். ஸர்ஹங்கு செராங்கு ஆனார். கணக்கெழுதிய கர்ரானி, மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் கிராணி என்ற பெயருடன் தமிழரின் பெயர்ப்பட்டியலைப் பிடித்துக் கொண்டிருந்தார். கப்பலின் உணவுப் பொறுப்பாளராகிய பண்டாரியின் பெயரால்தான் நம் திருமண வீடுகளில் சமைப்பவரை இன்றும் அழைக்கிறோம்.

முஅல்லிமோ மாலுமி ஆனார். இன்று கப்பலில் பணிபுரியும் எவரையும் மாலுமி என்கிறோம். தொடக்கத்தில் அது வழிகாட்டும் அறிஞரை மட்டுமே குறித்தது. மதரஸாவில் பிள்ளைகளுக்கு அலிஃப், பே கற்பிப்பவரும் முஅல்லிம். நடுக்கடலில் விண்மீன் பார்த்து வழி சொல்பவரும் முஅல்லிம். இரண்டும் ஒரே சொல் என்பதை ஆசிரியர் தொழிலில் இருக்கும் நாமே வெகுகாலம் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த முஅல்லிம்கள் கற்ற கல்வி எளிதன்று. அவர்களுள் புகழ்பெற்ற அஹ்மத் இப்னு மாஜித், ஹிஜ்ரி 895 (கி.பி. 1490) அளவில் 'கிதாபுல் ஃபவாயித்' என்னும் கடல்நூலை இயற்றினார். விண்மீன்கள் உதிக்கும், மறையும் இடங்களைக் கொண்டு அடிவானத்தை அவர்கள் 32 திசைகளாகப் பகுத்தனர். விண்மீனின் உயரத்தை 'இஸ்பஃ' என்னும் விரலளவால் கணித்தனர். முழு வட்டம் 224 இஸ்பஃ. ஆகவே ஓர் இஸ்பஃ ஏறத்தாழ 1.6 பாகை. மூன்று மணிநேரக் கடற்பயணம் ஒரு 'ஸாம்'. உயரத்தை அளக்கும் கருவி மிக எளியது: சிறு மரப்பலகை, அதன் நடுவே முடிச்சுகளிட்ட ஒரு கயிறு. கயிற்றின் முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பலகையைக் கண்ணுக்கு நேரே நீட்டினால், அதன் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு துருவ மீனையும் தொடவேண்டும். சேரவேண்டிய துறைக்குரிய உயரம் கிட்டியதும், அவ்வுயரம் மாறாமல் கிழக்கோ மேற்கோ சென்றால் கரை வந்துவிடும். அரபியர் இதனைக் கமால் என்றனர். நம் கடற்கரையில் இதற்கு இராப்பலகை என்று பெயர், அளவும் விரல்தான்.

இங்கு ஒரு பிழையைத் திருத்துதல் நம் கடமை. 1498இல் வாஸ்கோ ட காமாவை மாலிந்தியிலிருந்து கள்ளிக்கோட்டைக்கு அழைத்து வந்தவர் இப்னு மாஜிதே என்று நம் மேடைகளிலும் ஏடுகளிலும் அடிக்கடி கூறப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குத்புத்தீன் நஹ்ரவாலீயின் நூலிலிருந்து கிளம்பிய கதை இது. அதில் இப்னு மாஜித் மதுமயக்கத்தில் வழிகாட்டியதாகவும் சொல்லப்படுகிறது. போர்த்துக்கீசியச் சான்றுகளையும் இப்னு மாஜிதின் சொந்த எழுத்துகளையும் ஒப்பிட்ட பிற்கால ஆய்வாளர்கள் இதனை ஏற்கவில்லை. ஒரு பேரறிஞரைப் பெருமைப்படுத்துவதாக எண்ணி, அவர்மேல் சுமத்தப்பட்ட பழியையே நாம் பரப்பி வந்துள்ளோம்.

இவ்வளவும் கூறியதால், தமிழர் கடலோட அரபியரிடமே கற்றனர் என்று எவரும் முடிவு செய்துவிடலாகாது. கூம்பு, இதை, மீகாமன் முதலியன நம் பழந்தமிழ்ச் சொற்கள். கூம்பு பாய்மரம், இதை பாய், மீகாமன் கலம் செலுத்துவோன். காற்றின் இயல்பறிந்து கலம் ஓட்டிய சோழ முன்னோரைப் புறநானூறு போற்றுகிறது. நம் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் பாடிய அதே நூல்தான் அது. எகிப்தின் செங்கடல் துறைகளில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. ஆக, இஸ்லாத்தின் வருகைக்கு முன்பே இக்கடலில் தமிழ் ஒலித்தது. பின்னர் ஒரே கலத்தில் தமிழரும் அரபியரும் பாரசீகரும் சேர்ந்து உழைத்தபோது, புயலில் ஒருவர் கூவியது மற்றவருக்கு உடனே புரிந்தாக வேண்டியிருந்தது. அங்கே சொல்லின் குலம் கோத்திரத்தை எவரும் வினவவில்லை. ஏராவும் ஆஞ்சானும் நிலைத்தன. சுக்கானும் தாமானும் வந்து சேர்ந்தன. மரக்காயர் என்னும் பெயரை மரக்கலம் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்ததென்பாரும், கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததென்பாரும் உளர். அப்பெயரில் இரு மொழிகளும் உரிமை கோருவதே அம்மக்களின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது.

இதற்கு வெண்கலத்தாலேயே ஒரு சான்று உண்டு. 1836 அளவில் நியூசிலாந்தின் வடபகுதியில், கிறித்தவ ஊழியரான வில்லியம் கொலென்சோ, மாவோரிப் பெண்கள் கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திய ஒரு பாத்திரத்தைக் கண்டார். அது உடைந்த கப்பல் மணி. அதன் விளிம்பைச் சுற்றித் தமிழ் எழுத்து பொறிக்கப்பட்டிருந்தது. முகையதீன் வக்குசு என்பாருடைய கப்பலின் மணி என்பது அதன் பொருள். அம்மணி இன்று வெல்லிங்டனிலுள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகையதீன் அரபு, வக்குசு பாரசீகம், கப்பலும் மணியும் தமிழ். மூன்றும் ஒரே வரியில் இணக்கமாய் அமர்ந்திருக்கின்றன.

உலோகத்தில் பொறித்தது நிலைத்தது. நாவில் மட்டும் வாழ்ந்தவை என்னாவது? தூத்துக்குடித் தோணிகளில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயந்திரம் புகுந்தது. பருமல் இல்லாத கலத்தில் ஆஞ்சானுக்கும் தாமானுக்கும் வேலையில்லை. நாகூரில் கந்தூரிக் காலத்தில் மினாராக்களில் பாய்மரம் ஏற்றுவது இன்றும் நடைபெறுகிறது. அச்சொல்லாவது ஆண்டுக்கொருமுறை மக்கள் செவியில் விழுகிறது. மற்றவை பாய் ஏற்றிய கைகளோடு மறைந்து கொண்டிருக்கின்றன. கீழக்கரை, காயல்பட்டினம், தொண்டி, நாகூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் பாய்க்காலத்தைக் கண்ட முதியோர் இன்னும் சிலர் இருப்பர். அவ்வூர்களின் மதரஸா மாணவர்கள் விடுமுறையில் ஒவ்வொருவரும் ஒரு முதியவரிடம் அமர்ந்து, அவர் சொல்லும் கடற்சொற்களைப் பொருளோடு எழுதி வருவது பெருஞ்செலவு பிடிக்கும் பணியன்று. அரபு அறிந்த பிள்ளைகளுக்கே அச்சொற்களின் வேர் எளிதில் புலப்படும்.

அந்த மாணவர் ஓதி முடித்துப் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். அஷ்ஷூராவின் அவ்வசனங்களை விளக்கும் நாளில், நாம் இப்போதெல்லாம் முதலில் கரும்பலகையில் ஒரு தோணி வரைகிறோம். அணியம், ஏரா, பாய்மரம், பருமல், ஆஞ்சான், தாமான் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வந்து, இறுதியில் பின்புறத்தைக் காட்டி இதன் பெயரென்ன என்று வினவுகிறோம். கடற்கரைப் பிள்ளைகள் தமிழென்று எண்ணி விடை சொல்கின்றனர். உள்நாட்டுப் பிள்ளைகள் அரபென்று எண்ணி எழுதிக் கொள்கின்றனர்.